ஃபைபர் வராத ஊருக்கு எந்த நெட் எடுப்பது? ஸ்டார்லிங்க்கையும் மற்ற வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

டவரும் கேபிளும் எட்டாத ஓர் ஊர் என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஒரு பள்ளிக்கூடம், ஒரு சின்ன மருத்துவ நிலையம், நாற்பது ஐம்பது வீடுகள். இவர்களுக்கு நெட் வேண்டும். ஃபைபர் வரும்வரை காத்திருக்கலாம், ஹியூஸ்நெட், வயாசாட் மாதிரி பழைய பாணி செயற்கைக்கோள் டிஷ் வைக்கலாம், ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் செயற்கைக்கோள் நெட்டான ஸ்டார்லிங்க் வாங்கலாம், அல்லது ஒன்வெப் என்ற இன்னொரு செயற்கைக்கோள் நிறுவனத்தின் வழியாக ஏதாவது ஒரு தொலைபேசி நிறுவனம் ஊருக்குள் டவர் போடும்படி கேட்கலாம். அமேசானின் செயற்கைக்கோள் திட்டமும் இப்போது வரிசையில் வந்து நிற்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்குள் ஃபைபர் வந்துவிடும் என்பதற்குக் கண்ணால் பார்க்கிற அடையாளம், அதாவது பள்ளம் தோண்டுவதோ கம்பம் நடுவதோ இல்லையென்றால், ஸ்டார்லிங்க் எடுங்கள். ஆனால் வீட்டுக்கு ஒன்று என்று போகாமல் முதலில் ஊருக்குப் பொதுவாக எடுங்கள். ஏற்கெனவே ஏதாவது ஓர் இணைப்பு இருந்தால், அது எவ்வளவு மெதுவாக இருந்தாலும், துண்டித்துவிடாதீர்கள். இந்த மூன்றில் மூன்றாவதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள், எனக்கோ அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஏன் என்று கீழே வருகிறேன்.

முதலில் உயரத்தைப் பற்றிப் பேசிவிட வேண்டும், மற்ற எல்லா வித்தியாசமும் அதிலிருந்துதான் வருகிறது. பழைய பாணி செயற்கைக்கோள் 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கும். அந்த உயரத்தில் அது பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் நம் டிஷ் ஒரே திசையைப் பார்த்தால் போதும், உலகம் முழுவதையும் மூடுவதற்கு மூன்று நான்கு செயற்கைக்கோளே போதும். அது பெரிய சௌகரியம். ஆனால் நீங்கள் ஒரு பக்கத்தைத் திறக்கக் கேட்டால், அந்தக் கேள்வி மேலே போய்க் கீழே இறங்கி, பதிலும் அதே மாதிரி மேலே போய்க் கீழே இறங்க வேண்டும். மொத்தம் கிட்டத்தட்ட 1,43,000 கி.மீ. ஒளியின் வேகத்தில் போனாலும் அரை விநாடி அதிலேயே போய்விடும், மற்ற வேலைகளையும் சேர்த்தால் 600 மில்லிசெகண்டுக்கு மேல். படம் பார்க்க இது பரவாயில்லை. வீடியோ காலில் டாக்டரோடு பேசும்போது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்து, இரண்டு பேரும் நிறுத்தி, மறுபடி இரண்டு பேரும் ஆரம்பிக்கிற அவஸ்தை இந்தத் தாமதத்தால் வருவதுதான்.

ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கி.மீ. அல்லது அதற்கும் குறைந்த உயரத்தில் சுற்றுகின்றன. தாமதம் பெரும்பாலும் 25 முதல் 60 மில்லிசெகண்டுக்குள். ஆனால் இவ்வளவு தாழ்வாக இருந்தால் ஒரு செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல் சில நிமிடம்தான் இருக்கும், உடனே அடுத்தது வந்து வேலையை வாங்கிக்கொள்ள வேண்டும், அதற்கு ஆயிரக்கணக்கில் வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்த கணக்குதான், புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 1990களிலேயே டெலிடெசிக் என்ற நிறுவனம், பில் கேட்ஸின் முதலீடும் சேர்ந்தது, 840 செயற்கைக்கோள்கள் என்று திட்டம் போட்டு, பிறகு 288 ஆகக் குறைத்து, 2002இல் வேலையையே நிறுத்திவிட்டது. தாழ்ந்த சுற்றுப்பாதையில் தொலைபேசிச் சேவை தொடங்கிய இரிடியம் 1999 ஆகஸ்டில் திவாலானது. செயற்கைக்கோள்களைக் கட்டி மேலே ஏற்ற ஆகும் செலவுக்கு ஈடான வருமானம் வரவில்லை என்பதுதான் அந்தக் காலத்துக் கதை.

அப்படியிருக்க ஸ்டார்லிங்க் மட்டும் எப்படி வளர்ந்தது என்று கேட்டால், என் பார்வையில் முதல் காரணம் அதன் தாய் நிறுவனமான ஸ்பேஸ்எக்ஸிடம் சொந்த ராக்கெட் இருந்ததுதான். ஃபால்கன் 9 ராக்கெட்டின் முதல் அடுக்கைத் தரையிறக்கி மறுபடியும் பறக்கவிட 2017 மார்ச்சில் கற்றுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஒரு ராக்கெட்டை வாடிக்கையாளருக்கு விற்பதும், அதே ராக்கெட்டில் தங்கள் செயற்கைக்கோள்களை அடக்க விலைக்கு ஏற்றுவதும் ஒரே கூரையின் கீழ் நடந்தது. 2015 ஜனவரியில் சியாட்டிலில் எலான் மஸ்க் திட்டத்தை அறிவித்தார், 2018 பிப்ரவரியில் இரண்டு சோதனைச் செயற்கைக்கோள்கள் போயின, 2019 மே மாதம் ஒரே ஏவலில் 60. நடுவில், 2018இல், வேலை போகிற வேகம் போதாது என்று திட்டத்தின் மேலாளர்கள் சிலரை மஸ்க் வெளியே அனுப்பிய கதையும் உண்டு. 2020 அக்டோபரில் வட அமெரிக்காவில் பொதுச் சோதனை தொடங்கியது. டிஷ்ஷுக்கு 499 டாலர், மாதம் 99 டாலர். ‘ஒன்றும் இல்லாததற்கு இது மேல்’ என்ற பொருளில்தான் அந்தச் சோதனைக்கே பெயர் வைத்திருந்தார்கள்.

இரண்டாவது காரணம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை: அந்த டிஷ். வானத்தில் ஓடுகிற செயற்கைக்கோளைத் துரத்த வேண்டும், ஆனால் மோட்டார் வைத்துத் திருப்பிக்கொண்டே இருக்க முடியாது. ஆகவே ஒரு பலகைக்குள் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன ஆன்டெனாக்களை அடுக்கி, மின்சாரத்தாலேயே ரேடியோக் கற்றையைத் திருப்புகிறார்கள். இந்த வகை ஆன்டெனாவை ராணுவங்கள்தான் அதிகம் பயன்படுத்தின, அதன் விலையும் அப்படித்தான் இருந்தது. ஆரம்பத்தில் ஒரு டிஷ் தயாரிக்கவே 3,000 டாலர் ஆனது என்றும், அதை 1,500 டாலருக்குக் கீழே கொண்டுவந்துவிட்டோம் என்றும் நிறுவனத்தின் தலைவர் க்வின் ஷாட்வெல் 2021இல் சொன்னார். அதாவது ஒவ்வொரு டிஷ்ஷையும் நஷ்டத்துக்கு விற்று ஆள் சேர்த்திருக்கிறார்கள். 2022 டிசம்பரில் 10 லட்சம் சந்தாதாரர்கள், 2024 செப்டம்பரில் 40 லட்சம், 2025 டிசம்பரில் 90 லட்சம். ஏவிய செயற்கைக்கோள்களின் மொத்தம் 2025 அக்டோபரில் 10,000த்தைத் தாண்டியது.

இதே காலத்தில் ஒன்வெப் பட்ட பாட்டையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஸ்டார்லிங்க்குக்கு முன்பே இந்த யோசனை அவர்களிடம் இருந்தது. கிரெக் வைலர் 2012இல் தொடங்கிய நிறுவனம் அது. சொந்த ராக்கெட் கிடையாது, காசு கொடுத்துத்தான் ஏற்ற வேண்டும். 2020 மார்ச்சில் திவால் மனு கொடுத்தார்கள். பிரிட்டன் அரசும் இந்தியாவின் பாரதி குழுமமும் ஆளுக்கு 50 கோடி டாலர் போட்டு மீட்டன. 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதும் கசகஸ்தானின் பைக்கனூரில் ஏவத் தயாராக இருந்த 36 செயற்கைக்கோள்களை ரஷ்யா பிடித்து வைத்துக்கொண்டது, திரும்பக் கிடைக்கவில்லை. கடைசியில் கைகொடுத்தவர்களில் ஒருவர் இஸ்ரோ. 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இரண்டு ஏவல்களில் 72 செயற்கைக்கோள்களை எல்விஎம்3 ராக்கெட் ஏற்றிக் கொடுத்தது. அந்த இரண்டாவது ஏவலோடு உலகம் முழுவதற்கும் சேவை கொடுக்கத் தேவையான எண்ணிக்கை ஒன்வெப்புக்குக் கிடைத்துவிட்டது.

சரி, இனி வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஃபைபர்தான் எல்லாவற்றிலும் உயர்ந்தது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தமானைப் பாருங்கள். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் மற்ற ஏழு தீவுகளுக்கும் 2,312 கி.மீ. நீளக் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்டது, செலவு சுமார் 1,224 கோடி ரூபாய். அதுவரை அந்தத் தீவுக்கூட்டம் முழுவதும் செயற்கைக்கோளை நம்பித்தான் இருந்தது. லட்சத்தீவுக்குக் கொச்சியிலிருந்து போட்ட கேபிளை 2024 ஜனவரியில் திறந்தபோது அரசு சொன்ன கணக்கு, 1.7 ஜிபிபிஎஸ் இருந்தது 200 ஜிபிபிஎஸ் ஆகிறது என்பது. நூறு மடங்குக்கும் மேல். இந்த மாதிரிப் பாய்ச்சலை எந்தச் செயற்கைக்கோளும் ஒரு தீவுக்குத் தர முடியாது. ஒருமுறை போட்டால் இருபத்தைந்து வருடம் தாங்கும், மழைக்குப் பயமில்லை, எத்தனை வீடு சேர்ந்தாலும் முனையில் இருக்கும் கருவியை மாற்றிக் கொள்ளளவைக் கூட்டிக்கொள்ளலாம்.

ஆனால் அது யாராவது 1,224 கோடி போட்டால்தான். நாற்பது வீட்டுக்கு யாரும் அப்படிப் போடமாட்டார்கள். அதோடு, போட்ட கேபிள் அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு அலாஸ்காவின் வடக்குக் கரை நல்ல பாடம். குவின்டிலியன் நிறுவனத்தின் கடலடிக் கேபிளை 2023 ஜூனில் கடல் பனிக்கட்டி தரையோடு உராய்ந்து அறுத்துவிட்டது. நோம், காட்ஸபூ, உட்கியாக்விக் போன்ற ஊர்களில் நெட் போனது, பழுது பார்க்கும் கப்பல் போய்ச் சரிசெய்ய செப்டம்பர் ஆகிவிட்டது. 2025 ஜனவரியில் அதே கேபிள் மறுபடி அறுந்தது. இந்த முறை கடல் உறைந்து கிடந்ததால் கப்பல் போகவே வழியில்லை, கோடைவரை காத்திருக்க வேண்டியதாகிவிட்டது. அந்த மாதங்களில் அந்த ஊர்களைத் தாங்கியது செயற்கைக்கோளும் மைக்ரோவேவ் கோபுரங்களும்தான்.

டோங்காவுக்கு நடந்தது இன்னும் கொடுமை. 2022 ஜனவரி 15 அன்று கடலடி எரிமலை வெடித்தது, ஃபிஜிக்குப் போகிற ஒரே கேபிள் துண்டானது, உலகத்தோடு பேச்சே இல்லாமல் போனது, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அப்பா அம்மா உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியவில்லை. வெளிநாட்டுக் கேபிளைச் சரிசெய்ய ஐந்து வாரம் ஆனது. வெளித்தீவுகளுக்குப் போகிற உள்நாட்டுக் கேபிளுக்கு ஒன்றரை வருடம். அந்த இடைவெளியில் ஸ்பேஸ்எக்ஸ் ஃபிஜியில், செயற்கைக்கோளைத் தரையில் இருக்கும் நெட்டோடு இணைக்கும் தரை நிலையம் போட்டு, வெளித்தீவுகளுக்காக 50 டிஷ்களை இலவசமாகக் கொடுத்தது. ஃபைபரையும் செயற்கைக்கோளையும் ஒன்றுக்கொன்று எதிரியாக வைத்துப் பேசுகிறவர்களுக்கு நான் எப்போதும் டோங்காவைத்தான் காட்டுவேன். ஒரே கம்பியை மட்டும் நம்புகிற ஊர், அந்தக் கம்பி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், ஆபத்தில் இருக்கிறது.

பழைய பாணி டிஷ்ஷைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவின் ஹியூஸ்நெட்டுக்கு 2020 முடிவில் 15 லட்சத்துக்கு மேல் இருந்த சந்தாதாரர்கள் 2024 முடிவில் 9 லட்சத்துக்கும் கீழே போய்விட்டார்கள், மக்கள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது அதிலேயே தெரிகிறது. ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். இந்த வழியில் எல்லாச் சுமையும் ஒரே செயற்கைக்கோளின் மேல் விழுகிறது. வயாசாட் 2023இல் ஏவிய வயாசாட்-3 வரிசையின் முதல் செயற்கைக்கோளுக்கு விநாடிக்கு ஒரு டெராபிட் கொள்ளளவு என்று திட்டம். மேலே போன பிறகு அதன் பெரிய ஆன்டெனா சரியாக விரியவில்லை, எதிர்பார்த்ததில் 10 சதவீதம்கூடக் கிடைக்காது என்று ஆகிவிட்டது. காப்பீட்டில் கேட்ட தொகை மட்டும் 42.1 கோடி டாலர். ஸ்டார்லிங்க்குக்கு 2022 பிப்ரவரியில் ஏவிய 49 செயற்கைக்கோள்களில் 40 வரை சூரியப் புயலால் வளிமண்டலத்தில் விழுந்து எரிந்தன. பூமியில் எந்தச் சந்தாதாரருக்கும் அதனால் நெட் நிற்கவில்லை. ஆயிரக்கணக்கில் இருப்பதன் பலம் இது.

அதற்காகப் பழைய டிஷ் வேலைக்கே ஆகாது என்று சொல்லவில்லை. அரசாங்கமோ வங்கியோ ஏற்கெனவே வைத்துக் கொடுத்த விசாட், அதாவது பழைய பாணி சின்ன டிஷ் ஒன்று ஊர் அஞ்சலகத்திலோ பள்ளியிலோ ஓடிக்கொண்டிருந்தால், அதைக் கழற்றி எறியாதீர்கள். மெதுவாக இருந்தாலும் அது வேறு நிறுவனத்தினுடையது, வேறு உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளுடையது, வேறு தரை நிலையத்துடையது. ஏன் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், 2025 ஜூலை 24 அன்று ஸ்டார்லிங்க் உலகம் முழுவதும் சுமார் இரண்டரை மணி நேரம் நின்றுபோனது. ஒரு செயற்கைக்கோளும் கெடவில்லை, மைய வலையமைப்பை இயக்கும் மென்பொருள் தடுமாறியது, அவ்வளவுதான். 40 செயற்கைக்கோள் போனால் தாங்குகிற அமைப்பு ஒரு மென்பொருள் பிழையில் மொத்தமாக விழுகிறது. மருத்துவ நிலையத்தில் அந்த இரண்டரை மணி நேரம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

இனி ஸ்டார்லிங்க். அது எட்டாத ஊர்களை எப்படித் தொட்டது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், வடமேற்குக் காட்டுக்குள் இருக்கும் பிக்கான்ஜிக்கம் என்ற பூர்வகுடி ஊர். வருடத்தில் பெரும்பகுதி விமானத்தில்தான் போய்ச்சேர முடியும். 2020 கடைசியில், பொதுச் சோதனை தொடங்கிய கையோடு, அங்கே டிஷ்களைக் கொண்டுபோய் வைத்தார்கள். கேபிள் போடுகிறோம் என்று பல வருடம் பேசிக்கொண்டிருப்பார்கள், இது பெட்டியைப் பிரித்து வானத்தைப் பார்த்து வைத்துக் கரண்ட் கொடுத்தால் அன்றைக்கே ஓடியது. இந்த வேகத்துக்கு ஈடு வேறு எந்த வழியிலும் இல்லை. ஆரம்பத்தில் ஒரு குறை இருந்தது: டிஷ் இருக்கும் இடத்திலிருந்து சில நூறு கி.மீ. தூரத்துக்குள் தரை நிலையம் இருந்தால்தான் வேலை செய்யும். பிறகு செயற்கைக்கோள்களுக்குள்ளேயே லேசர் ஒளியால் பேசிக்கொள்ளும் வசதி வந்ததும் அந்தக் கட்டுப்பாடு போனது, தரை நிலையமே இல்லாத நடுக்கடலுக்கும் துருவப் பக்கத்துக்கும் சேவை போனது.

பிரேசிலின் ஜவாரி பள்ளத்தாக்கில் வாழும் மருபோ மக்களின் கதையையும் சொல்ல வேண்டும். சுமார் 2,000 பேர், ஆற்றங்கரைகளில் சிதறிய ஊர்கள், படகில் போக நாள்கணக்கு ஆகும். 2023 செப்டம்பரில் டிஷ்கள் வந்தன. பாம்பு கடித்தால் ஹெலிகாப்டரை அழைக்க முடிந்தது, அதுவரை ரேடியோவில் ஊர் ஊராகச் செய்தி கடத்த வேண்டியிருந்தது. அதே வேகத்தில் பிள்ளைகள் போனிலேயே கிடக்கிறார்கள், வேட்டைக்கும் தோட்டத்துக்கும் ஆள் வருவதில்லை என்ற கவலையும் பெரியவர்களுக்கு வந்தது. அவர்கள் டிஷ்ஷைத் தூக்கி எறியவில்லை. காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் ஐந்து மணி நேரம், ஞாயிறு முழுவதும் என்று நேரம் வைத்துக்கொண்டார்கள். ஊருக்குப் பொதுவாக எடுங்கள் என்று நான் சொல்வதற்கு இந்த ஊர்களும் ஒரு காரணம். பொதுவாக இருந்தால்தான் ஊர் கூடிப் பேசி இப்படி ஒரு முடிவுக்கு வர முடியும்.

ஆனால் பொதுவாக எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு, இதை விற்பவர்கள் சொல்லமாட்டார்கள். வீட்டுத் திட்டம் ஒரு வீட்டுக்குத்தான், அதை ஊர் முழுவதற்கும் பங்கு வைப்பதோ காசு வாங்கி மறுவிற்பனை செய்வதோ விதிமுறைக்குப் புறம்பு. பள்ளிக்கும் ஊருக்கும் என்றால் நிறுவனங்களுக்கான திட்டம் எடுக்க வேண்டும், அதில் குறிப்பிட்ட ஜிபி வரைதான் முழு வேகம். அந்த விலையைத்தான் கணக்குப் போட வேண்டும், விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் வீட்டு விலையை அல்ல.

அடுத்தது வேகம். எல்லோரும் டவுன்லோடைப் பார்க்கிறார்கள். நெட் வேகத்தை அளக்கும் ஊக்லா நிறுவனத்தின் அளவீட்டின்படி 2025இன் முதல் காலாண்டில் அமெரிக்காவில் ஸ்டார்லிங்க்கின் இடைநிலை டவுன்லோட் சுமார் 105 எம்பிபிஎஸ், ஆனால் அப்லோட் 15க்கும் கீழே. வீடியோ காலுக்கு ஒருவருக்கு அப்லோடில் ஒன்றரை இரண்டு எம்பிபிஎஸ் தேவை என்று வைத்தால், ஒரே நேரத்தில் ஏழெட்டுப் பேர் முகம் காட்டிப் பேசினாலே குழாய் நிரம்பிவிடும். ஒரு டிஷ்ஷை வைத்து ஐம்பது வீட்டுக்கும் ஆன்லைன் வகுப்பு நடத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாட்ஸ்அப், அரசு விண்ணப்பம், பணப் பரிமாற்றம், ஒரு பெரிய திரையில் ஒரு வகுப்பு, மருத்துவ நிலையத்துக்குத் தனியாக ஒதுக்கிய ஒரு பங்கு. இவ்வளவுக்கு ஒரு டிஷ் தாராளம்.

ஒரே பகுதியில் ஆள் சேரச் சேர வேகம் குறையும் என்பதும் உண்மை. செயற்கைக்கோள் தரையில் ஒரு வட்டாரத்துக்கு ஒரு கற்றையை வீசுகிறது, அந்த வட்டாரத்தில் இருக்கும் எல்லோரும் அதைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். கென்யாவில் 2023 ஜூலையில் சேவை தொடங்கியது, 2024 நவம்பரில் நைரோபியிலும் சுற்றுப்புறத்திலும் இடம் தீர்ந்துவிட்டது என்று புதுச் சந்தாவையே நிறுத்திவைத்தார்கள். கூட்டம் இருக்கிற நகரத்துக்கு இது ஏற்றதல்ல, ஆள் குறைந்த இடத்துக்குத்தான் ஏற்றது. நம் நாற்பது வீட்டு ஊருக்கு இது நல்ல செய்தி.

கரண்ட் கணக்கையும் பாருங்கள், எட்டாத ஊரில் இதுதான் பலரைக் கவிழ்க்கிறது. சாதாரண டிஷ் 75 முதல் 100 வாட் இழுக்கும், இரவும் பகலும் ஓடினால் நாளைக்கு இரண்டு யூனிட் அளவுக்கு. சோலாரில் ஓட்டுவதானால் அதற்கு நல்ல பேனலும் பேட்டரியும் வேண்டும், மழைக்காலத்தில் மூன்று நாள் வெயில் இல்லையென்றால் நெட்டும் இல்லை. மினி என்ற சின்ன டிஷ் 25 முதல் 40 வாட்டில் ஓடும், வேகம் கொஞ்சம் குறைவு. சோலார் ஊர் என்றால் நான் மினியைத்தான் எடுப்பேன், இரவு பத்து மணிக்கு மேல் அணைத்தும் வைப்பேன். அப்புறம் மரம். டிஷ்ஷுக்கு மேலே 100 டிகிரிக்கும் அதிகமான அகலத்தில் வானம் திறந்திருக்க வேண்டும். தென்னந்தோப்புக்கு நடுவிலோ மலையிடுக்கிலோ இருந்தால் ஒரு நிமிடம் வரும், பத்து விநாடி போகும். செயலியில் போன் கேமராவை வானத்தைச் சுற்றிக் காட்டினால் எங்கே தடை என்று சொல்லிவிடும். காசு கட்டுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். பேய்மழையில் சில நிமிடம் சிக்னல் போவதும் உண்டு, மழை விட்டதும் வந்துவிடும்.

இவ்வளவுக்கும் மேலே எனக்கு உள்ளூர உறுத்துகிற ஒரு விஷயம் இருக்கிறது, சுவிட்ச் யார் கையில் என்பது. உக்ரைனில் 2022 பிப்ரவரியில் துணைப் பிரதமர் ஃபெடரோவ் கேட்ட இரண்டு நாளில் டிஷ்கள் வந்து இறங்கின, அந்த நாட்டின் மருத்துவமனைகளும் ராணுவமும் அதை நம்பியே நின்றன. ஆனால் கிரிமியா பக்கம் சேவை கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவு மஸ்க் என்ற ஒரு தனி மனிதரிடம் இருந்தது. இதற்கு நேர்மாறான பக்கமும் உண்டு. ஒன்டாரியோ அரசு 2024 நவம்பரில் 15,000 வீடு, கடைகளுக்கு ஸ்டார்லிங்க் கொடுக்க 10 கோடி கனடா டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. அடுத்த வருடம் அமெரிக்காவோடு வரிச் சண்டை வந்ததும் அதை ரத்து செய்தது. சண்டை தலைநகரங்களுக்கு இடையில், காத்திருந்தது வடக்கே காட்டு ஊர்களில் இருந்தவர்கள். டோங்காவில் 2024இல் நிலநடுக்கத்தில் உள்நாட்டுக் கேபிள் மறுபடி அறுந்தபோது, வெளித்தீவு மக்கள் சொந்தக் காசில் வாங்கி வைத்திருந்த ஸ்டார்லிங்க்கை உரிமம் இல்லை என்று அரசு நிறுத்தச் சொன்னது, பிறகுதான் அனுமதி வந்தது. ஆகவே உங்கள் நாட்டில் முறையான உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். இலங்கையில் 2025 ஜூலையில் சேவை முறையாகத் தொடங்கிவிட்டது. இந்தியாவில் 2025 ஜூனில் உரிமம் கொடுத்தார்கள், அதற்குப் பிறகும் அலைக்கற்றைக் கட்டணம், பாதுகாப்புச் சோதனை என்று இழுத்தது. வேறு நாட்டில் வாங்கிய டிஷ்ஷை யாராவது கொண்டுவந்து விற்றால் வாங்காதீர்கள், அது எந்த நாளும் நின்றுபோகலாம், சட்டச் சிக்கலும் உங்கள் தலையில்தான் விழும்.

ஒன்வெப் வழி வேறு மாதிரி. 1,200 கி.மீ. உயரம், 600க்கும் மேற்பட்ட செயற்கைக்கோள்கள், வீட்டுக்கு விற்பதில்லை. தொலைபேசி நிறுவனத்துக்கும் அரசுக்கும் விற்பார்கள், அவர்கள் ஊரில் ஒரு டவர் போட்டால் எல்லோர் கையிலும் இருக்கும் சாதாரண போனிலேயே சிக்னல் வரும். நாற்பது வீட்டுக்கு டிஷ், ரூட்டர் என்று அலைய வேண்டாம், ரீசார்ஜ் செய்தால் போதும், ஏழைக் குடும்பத்துக்கு இதுதான் உண்மையில் ஏற்றது. குறை என்னவென்றால் முடிவு உங்கள் கையில் இல்லை, அந்த நிறுவனம் வர வேண்டும். பஞ்சாயத்தோ பிரதேச சபையோ அழுத்தம் கொடுக்கக்கூடிய இடமாக இருந்தால் இதைக் கேட்டு மனு எழுதுங்கள், ஆனால் அதற்காகக் காத்திருந்து பள்ளியை நெட் இல்லாமல் வைக்காதீர்கள்.

ஸ்டார்லிங்க்கிலேயே ஊருக்கு மொத்தமாக எடுக்கும் கம்யூனிட்டி கேட்வே என்ற பெரிய இணைப்பு நிலையம் ஒன்று உண்டு. அலாஸ்காவின் உனலாஸ்கா தீவில் 2023இல் வைத்தார்கள். நிறுவனம் அப்போது சொன்ன விலை முதலில் 12.5 லட்சம் டாலர், அப்புறம் ஒரு ஜிபிபிஎஸ்ஸுக்கு மாதம் 75,000 டாலர். ஃபைபருக்குப் பக்கத்தில் வருகிற தரம், ஆனால் மீன்பிடித் துறைமுகம் மாதிரி வருமானம் உள்ள ஊருக்கே கட்டுப்படியாகும். நம் கணக்குக்கு இது வராது.

அமேசானுக்காகக் காத்திருக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கைப்பர் என்று தொடங்கி 2025 நவம்பரில் லியோ என்று பெயர் மாற்றிய திட்டம் அது, 2020இல் 3,236 செயற்கைக்கோள்களுக்கு அனுமதி வாங்கினார்கள், சேவைக்கான முதல் 27 செயற்கைக்கோள்கள் 2025 ஏப்ரலில்தான் மேலே போயின. வந்தால் நல்லது, விலை இறங்கும், ஒரே நிறுவனத்தைத் தொங்கிக்கொண்டிருக்கும் நிலையும் மாறும். அதனால்தான் ஸ்டார்லிங்க் எடுக்கும்போது நீண்ட ஒப்பந்தம் எதிலும் கையெழுத்துப் போடாமல் மாதச் சந்தாவாக எடுக்கச் சொல்கிறேன். ஊருக்குள் இழுக்கும் கேபிள், வைஃபை பரப்பும் ஆக்சஸ் பாயின்ட், சோலார், பேட்டரி, இவற்றுக்குத்தான் நல்ல காசு போடுங்கள். கூரையில் இருக்கும் டிஷ் நாளைக்கு வேறு நிறுவனத்துடையதாக மாறினாலும், ஃபைபரே வந்து சேர்ந்தாலும், இவை அப்படியே பயன்படும். டிஷ் வாங்க ஒதுக்கும் தொகைக்குச் சமமாக இன்னொரு தொகையை இதற்கு ஒதுக்கிவிட்டு, ரூட்டரின் கடவுச்சொல்லும் பில் கட்டும் பொறுப்பும் ஒரே ஆளிடம் இருக்காமல் ஆசிரியர் ஒருவர், மருத்துவ நிலைய ஊழியர் ஒருவர் என்று இரண்டு பேரிடம் இருக்கும்படி முதல் நாளே எழுதி வைத்துவிடுங்கள்.